ஒரு நாள் முந்திப் போன பஸ்

தோணாமுனையில் பிறை கண்டது ஆர் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் சொல்லும், கலீலுர் றஹ்மான் காக்கா என்று. ஏன் கண்டார் என்று கேட்டால் மட்டும் பெரிய மனிசரெல்லாம் வாயை மூடிக்கொண்டு கடலைப் பார்ப்பார்கள்.

கிண்ணியாப் பாலத்துக்கு இங்கால், கடல் தரைக்குள் கொஞ்சம் புகுந்து கிடக்கிற இடம்தான் தோணாமுனை. முன்னூறு வீடு, ஒரு பள்ளிவாசல், ஒரு ஐஸ் கொம்பனி, ஒரு உதைபந்தாட்டக் கழகம். முதல் மூன்றாலும் ஊருக்கு உபயோகம் உண்டு. நாலாவதான குடா ஸ்டார் கழகம் பத்தொன்பது வருசமாக ஒரு கிண்ணமும் எடுத்ததில்லை. ஆனால் அதற்கு ஒரு ஆதரவாளர் சங்கம் இருக்கிறது பாருங்கள், அதை அடிக்க இலங்கையில் ஆள் இல்லை. மன்னாரில் ஆட்டமா, பிடி பஸ்ஸை. கம்பளையில் ஆட்டமா, பிடி பஸ்ஸை. அம்பாந்தோட்டையில் ஒரு கால் இறுதிக்குப் பதினொரு மணித்தியாலம் முதுகு நோகப் போய், ஆறுக்குப் பூச்சியம் வாங்கிக்கொண்டு, அதே முதுகோடு பதினொரு மணித்தியாலம் திரும்பி வந்து, "நல்ல ஆட்டம் மச்சான், நடுவர்தான் சரியில்ல" என்று தேத்தண்ணிக் கடையில் குந்திக் கதைத்த சனம் அது. சொந்தத் தங்கச்சியின் கலியாணத்துக்கு மூதூருக்குப் போகத் தூரம் என்று சொன்னவனும் அந்த பஸ்ஸில் இருந்தான்.

சங்கத்துக்குத் தலைவர் கலீலுர் றஹ்மான். ஐஸ் கொம்பனியில் மேற்பார்வை வேலை. வயது ஐம்பத்தாறு, தொண்டைக்கு மட்டும் இருபது. அவர் "குடா!" என்று ஒரு சத்தம் வைத்தால் ஐம்பது பேர் "ஸ்டார்!" என்று திருப்பி வைப்பார்கள். அந்தச் சத்தத்துக்காகவே அவர் உயிர் வாழ்ந்தார் என்று வையுங்களேன்.

மூன்று வருசமாக இன்னொரு காரணமும் சேர்ந்திருந்தது. அவருடைய மகன் சஜீத் குடா ஸ்டாரின் கோல் காப்பாளன். இரண்டாவது கோல் காப்பாளன். விளங்கச் சொன்னால், மைதான ஓரத்துப் பலகை வாங்கில் குந்தியிருக்கிற கோல் காப்பாளன். இருபத்திரண்டு ஆட்டத்துக்கு அவன் போய்க் குந்தினான், இருபத்திரண்டுக்கும் வாப்பா போய் அவன் குந்துவதைப் பார்த்துவிட்டு வந்தார். மகனுடைய முதுகை இவ்வளவு நுணுக்கமாகப் படித்த தகப்பன் திருகோணமலை மாவட்டத்தில் வேறு இல்லை.

"இரிக்கிறதப் பாக்கிறதுக்கு ஏன் அவ்வளவு தூரம் போறீங்க?" என்று மனைவி ஜெஸீமா கேட்பா. "இஞ்ச கதிரையில இரி எண்டு சொன்னா இரிக்க மாட்டானா? நானும் பாப்பன்தானே."

அவருக்குச் சுர்ரென்று ஏறும். ஒரு தடவை, ஒரேயொரு தடவை, மகன் கோல் கம்பத்துக்கு நடுவில் நிற்பதைப் பார்த்துவிட வேண்டும் என்று அந்த மனிசன் தொழுகையில் கேட்டதை ஜெஸீமா மட்டும் அறிவா. அதனால் அதற்கு மேல் கிண்டாமல் விட்டுவிடுவா.

அந்த நோன்பில்தான் அதிசயம் நடந்தது. புத்தளத்துப் பக்கம் மணல்மேட்டுத்துறையில் நடந்த பெருநாள் கிண்ணத்தில் குடா ஸ்டார் இறுதிப் போட்டிக்குப் போய்விட்டது. அரை இறுதியில் எதிர்த்து ஆட வேண்டிய கழகம் தங்களுக்குள் அடிபட்டு விலகியதால் வந்த வெற்றி. வெற்றி வெற்றிதானே, ஊர் பட்டாசு கொளுத்தியது. இருபதாம் நோன்பில் இரண்டாவது அதிசயம். முதல் கோல் காப்பாளன் பள்ளிவாசலில் கஞ்சிக் கிடாரம் தூக்கப் போய் இரண்டு கையையும் சுட்டுக்கொண்டான். கையில் வரும் பந்தையே பிடிக்காதவனுக்குக் கொதிக்கிற கிடாரத்தைப் பிடிக்க ஆர் சொன்னார்களோ தெரியாது. பயிற்சியாளர் தலையைச் சொறிந்துவிட்டு, "சரி, சஜீத் நிக்கட்டும்" என்றார்.

கலீலுர் றஹ்மான் ஐஸ் கொம்பனிக் குளிரறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். சந்தோசத்தில்தான்.

ஆனால் சஜீத்துக்குக் கட்டாரில் வேலை சரிவந்திருந்தது. களஞ்சியசாலையில் வேலை, இரண்டு வருச ஒப்பந்தம். விமானம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. நோட்டீஸில் போட்டிருந்ததோ இப்படி: இறுதிப் போட்டி, நோன்புப் பெருநாளுக்கு அடுத்த நாள், மாலை நான்கு மணி. திகதி கிடையாது. பெருநாள் ஆட்டத்துக்கு எந்த ஊரிலும் திகதி போடுவதில்லை. இருபத்தொன்பதாம் நோன்பன்று பிறை தென்பட்டால் மறுநாள் பெருநாள், தென்படாவிட்டால் முப்பது நோன்பும் பிடித்துவிட்டு அதற்கு அடுத்த நாள் பெருநாள்.

ஆகவே அந்த இருபத்தொன்பதாம் நாளான செவ்வாய்க்கிழமை பின்னேரம் பிறை தென்பட வேண்டும். தென்பட்டால் புதன் பெருநாள், வியாழன் ஆட்டம், ஆட்டம் முடிந்த கையோடு சஜீத் அங்கிருந்தே விமான நிலையத்துக்குப் போகலாம். தென்படாவிட்டால் வியாழன் பெருநாள், வெள்ளி ஆட்டம். அந்த நேரம் சஜீத் ஆகாயத்தில் இருந்துகொண்டு விமானத்துப் பாணைக் கடித்துக்கொண்டிருப்பான். பிறைக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. கலீலுர் றஹ்மானுக்குத் தெரியும்.

செவ்வாய் பின்னேரம் பாதி ஊர் பாலத்தில் ஏறி நின்று மேற்கே பார்த்தது. தம்பலகாமத்துப் பக்கம் முகில் அப்பிக் கிடந்தது. சூரியன் போய் ஐந்து நிமிசம், பத்து நிமிசம். ஆட்கள் நோன்பு திறக்கிற பேரீச்சம்பழத்தின் கொட்டையைத் துப்பிவிட்டுக் கலையப் பார்த்த நேரத்தில் ஒரு சத்தம் கேட்டது. மைதானங்களில் கேட்டுப் பழகிய அதே சத்தம்.

"கண்டுட்டன்!"

"எங்க காக்கா? எங்க?"

"அந்தா... அந்த முகிலுக்கும் மற்ற முகிலுக்கும் நடுவால. ச்சா, மறைஞ்சிட்டு!"

பக்கத்தில் நின்றவன் அப்ராஸ். ஜெஸீமாவின் தம்பி, ஆதரவாளர் சங்கத்துச் செயலாளர். பத்தொன்பது வருசமாக மச்சான் "குடா" என்றால் "ஸ்டார்" என்று பழகிய வாய். "ஓம் ஓம், நானும் கண்டனான்" என்றான். கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

பள்ளி நிருவாகசபை இரண்டு பேரையும் கூப்பிட்டு இருத்தி விசாரித்தது. நிருவாகசபையில் ஏழு பேர், அதில் ஐந்து பேருக்கு பஸ்ஸில் சீட் ஒதுக்கியாயிற்று. விசாரணை எவ்வளவு கடுமையாக நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பள்ளியில் பெருநாளை அறிவிக்கிற தக்பீர் முழங்கியது. கொழும்பில் நாட்டுக்கே பிறை தீர்மானிக்கிற சபைக்கும் அறிவித்தார்கள். கொழும்பிலிருந்து றேடியோவில் பதில் வந்தது: நாட்டில் எந்தப் பாகத்திலும் பிறை தென்பட்டதற்குச் சரியான சாட்சி இல்லை, வியாழக்கிழமைதான் பெருநாள். பக்கத்து ஊர்களும் அதையே ஏற்றுக்கொண்டன.

தோணாமுனைக்கு வந்ததே கோபம். "எங்கட கண்ணென்ன புண்ணா?" என்று கேட்டது. அதுவரை அரைமனதாக இருந்தவனும் அந்த நிமிசத்தோடு முழுமனதாகி விட்டான். பிறை கண்டதாலல்ல, கொழும்பு இல்லை என்று சொன்னதால்.

புதன்கிழமை தோணாமுனை மட்டும் புது உடுப்பு உடுத்துப் பெருநாள் தொழுதது. தொழுதுவிட்டு வந்த கலீலுர் றஹ்மானுக்கு வீட்டில் புரியாணி, வட்டிலப்பம் எல்லாம் தயாராக இருந்தது. ஒரு பிடி அள்ளி வாயில் வைத்தவர், "உப்புக் கூடிப் போச்சு புள்ள. ருசி பாக்கல்லையா?" என்றார்.

"எப்படிப் பாக்கிற?" என்றா ஜெஸீமா. "நான் நோன்பு."

மனிசனுடைய கை சோற்றுக் கோப்பைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

"என்ன கதை இது? என்ர வீட்டில, நான் கண்ட பிறைக்கு..."

"நீங்க கண்டா நீங்க திண்ணுங்க. நான் உங்களோட முப்பது வருசம் இரிக்கிறன். உங்களுக்கு ஒண்டு வேணுமெண்டா அது உங்கட கண்ணுக்குத் தெரியும். போன மாதம் ஓஃப்சைட் எண்டு கத்தினீங்களே ரீவீயப் பாத்து, அது போல." அவ்வளவையும் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் இறைச்சி எடுத்து அவருடைய கோப்பையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா. அந்தப் புரியாணி அவருக்கு இறங்கவில்லை. உப்பில் பழியைப் போட்டார்.

அன்று பின்னேரம் பஸ் வந்து நின்றது. சாரதி தவராசா, சல்லிக் கிராமத்தைச் சேர்ந்தவர். சங்கத்தின் தூரப் பயணமெல்லாம் அவருடைய பஸ்ஸில்தான். வண்டிக்குள் வெருகல் முருகன் படம் போட்ட நாட்கலண்டர் தொங்கும்.

"நானா, குறை நினைக்காதேங்கோ," என்றார் தவராசா. "கலண்டரில நாளைக்கெல்லே பெருநாள் எண்டு சிவப்பில கிடக்கு. றேடியோவிலயும் அப்படித்தான் சொன்னவங்கள். அப்ப அவையின்ர ஆட்டம் நாளண்டைக்கெல்லோ வரும்?"

சுற்றி நின்ற நாற்பத்தாறு பேரும் சாமான் ஏற்றுவதில் திடீரென்று மும்முரமானார்கள். அந்தக் கேள்வி ஒவ்வொருத்தன் வயிற்றிலும் காலையிலிருந்து கிடந்ததுதான். ஆனால் வாயைத் திறந்து கேட்டால் என்ன அர்த்தம்? எங்கட பெருநாள் பிழை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். நோன்பில் புரியாணி தின்றதாகிவிடும். வியாழக்கிழமை பெருநாள் என்பவன் ஊருக்குத் துரோகி, வெள்ளிக்கிழமை ஆட்டம் என்பவனும் அவன் கூட்டாளி.

அப்ராஸ் மட்டும் காதோடு காதாக, "மச்சான், ஒரு போன் எடுத்துக் கேப்பமா?" என்றான்.

"என்னெண்டு கேப்பாய்? பெருநாள் எப்ப எண்டா? பெருநாள் இண்டைக்கு. நானும் நீயும் கண்ட பெருநாள். கேட்டா நாங்களே சந்தேகப்படுறம் எண்டுதானே ஆகும்?" என்று சீறினார் கலீலுர் றஹ்மான். பிறகு எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகக் குரலை உயர்த்தினார். "பெருநாளுக்கு அடுத்த நாள் எண்டு நோட்டீஸ் சொல்லுது. நாங்க அடுத்த நாள் போய் நிப்பம். அவங்க வராட்டி வோக்-ஓவர். கிண்ணத்தத் தூக்கிக்கொண்டு வருவம்!"

சட்டம் பேசினால் தோணாமுனைக்குத் தைரியம் வந்துவிடும். "குடா!" என்றார். "ஸ்டார்!" என்றார்கள். தவராசா கலண்டரைப் பார்த்தார், முருகனைப் பார்த்தார், டீசல் அடிக்கப் போனார்.

வியாழன் விடியற்காலைச் சுபஹ் தொழுத கையோடு வெளிக்கிட்டார்கள். முன்னால் அணியின் வேன், பின்னால் பஸ். சஜீத்தின் சூட்கேஸ் பஸ்ஸின் கூரையில், அதற்குப் பக்கத்தில் ஆறு றபான் மேளம். ஹொரவப்பொத்தானை வரும்வரை பாட்டும் கூத்தும்தான். ஹொரவப்பொத்தானையில் வீதி நிறைய முஸ்லிம் சனம் புது உடுப்போடு பெருநாள் தொழுகைக்குப் போய்க்கொண்டிருந்தது. அத்தர் வாசம் பஸ்ஸுக்குள் வந்தது. நாற்பத்தாறு பேரும் ஒன்றாக மற்றப் பக்கத்துக்கு முகத்தைத் திருப்பி, ஒரு வயலை விவசாய அதிகாரிகள் போல உற்றுப் பார்த்தார்கள். கஹட்டகஸ்திகிலியவில் அடுத்த கூட்டம். அங்கே பார்க்க வயலும் இல்லை. கண்ணை மூடி நித்திரை என்று நடித்தார்கள். புத்தளம் ரவுணுக்குள் வந்தபோது றபான்காரரும் அடங்கிப் போனார்கள். நாடே ஒருமித்துப் பிழையாகப் பெருநாள் கொண்டாடிக்கொண்டிருக்க, சரியானவர்கள் நாற்பத்தாறு பேர் ஒரு பஸ்ஸுக்குள் மூச்சுக் காட்டாமல் போனார்கள்.

மணல்மேட்டுத்துறை மைதானத்தில் இறங்கும்போது பதினொன்றரை. அங்கே பெருநாள் தொழுகைக்கு விரித்த பாய்களை ஆட்கள் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். பாய் சுருட்டுவதை மேற்பார்த்து நின்றவர் முஸம்மில் மரைக்கார். போட்டிக் கமிட்டித் தலைவர், பெரிய தோட்டச் சொந்தக்காரர். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார்.

"ஈத் முபாரக்!"

நேற்றே முடிந்துபோன பெருநாளுக்கு இன்றைக்கு வாழ்த்து வாங்கலாமா? கலீலுர் றஹ்மான் ஒரு செருமல் செருமினார்.

"நாங்க ஆட்டத்துக்கு வந்தனாங்கள்," என்றார்.

"ஆட்டம் நாளைக்குத்தானே காக்கா?" மரைக்காருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. முகத்தில் சிரிப்பு மெல்ல மெல்ல ஊறிவந்ததைப் பார்க்க வேண்டுமே! "ஓ... நீங்கதானா அந்தப் பிறை கண்ட ஊர்?"

வோக்-ஓவர் என்ற சொல் கலீலுர் றஹ்மானின் தொண்டைவரை வந்தது. தலைக்கு மேல் தொங்கிய தோரணத்தில் அன்றைய திகதி போட்டுப் பெருநாள் வாழ்த்து எழுதியிருந்ததைக் கண்டதும் திரும்பிப் போய்விட்டது.

மரைக்கார் நல்ல மனிசன், அதுதான் தொல்லை. வந்தவர்களைத் தன் வீட்டு வளவுக்குள் கூட்டிப் போய்ச் சஹன் வைத்தார். ஒரு பெரிய தட்டத்தைச் சுற்றி ஆறு பேர், நடுவில் ஆட்டிறைச்சிச் சோறு. நேற்றுத்தான் பெருநாள் என்று சத்தியம் பண்ணத் தயாராக இருந்த வீரர்கள் இன்றையப் பெருநாள் சோற்றை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார்கள். தவராசாவும் ஒரு சஹனில் நடுநாயகமாக இருந்தார். அந்தக் கூட்டத்தில் குற்ற உணர்ச்சி இல்லாமல் சாப்பிட்டது அவர் ஒருவர்தான்.

கலீலுர் றஹ்மானுக்கு எதிரே மரைக்கார், ஒரு பக்கம் அப்ராஸ், மறுபக்கம் சஜீத். கலீலுர் றஹ்மான் மெல்லத் தொடங்கினார். மகனுக்கு நாளைக்கு விமானம். மூன்று வருசம் வாங்கில் இருந்தவன். இன்றைக்கே ஆட்டத்தை வைக்க ஏலாதா?

"ஏன் ஏலாது?" என்றார் மரைக்கார். "எங்கட பொடியன்மார் எல்லாம் ஊர்ல. நடுவரும் பெருநாளைக்கு மாமியார் ஊட்டுக்கு வந்து நிக்கிறார். பெருநாள் பின்னேரம் பந்தடிக்க ஒருத்தரும் வேணாமெண்டு சொல்லல்ல. எனக்கு ஒரு சிக்கல்தான் காக்கா. கமிட்டி என்னைக் கேக்கும், நோட்டீஸ்ல இருக்கிறது பெருநாளுக்கு அடுத்த நாள், ஏன் இண்டைக்கு வைக்கிற எண்டு. நான் என்ன சொல்ற? தோணாமுனைக்கு நேத்துப் பெருநாள், அதால இண்டைக்கு எண்டா, உங்கட பிறைய நான் ஒத்துக்கிட்டதாப் போகும். எங்கட ஊர் என்ன உரிச்சுப் போடும். பிறை காணல்ல, நாளப் பிழைவிட்டு வந்திட்டம் எண்டு நீங்க ஒரு வார்த்தை இந்தச் சபையில சொல்லுங்க. வந்த விருந்தாளிக்காக மாத்தினம் எண்டு நான் சொல்லிடுறன். நாலரைக்கு விசில்."

அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. மானம் தோணாமுனைக்கு மட்டும் எழுதிக் கொடுத்த சொத்தா என்ன?

அப்ராஸ் மச்சானுடைய முழங்காலைப் பிடித்து நசித்தான். "சொல்லிடாத. நீ சொன்னா நானும் பொய்யன். நிருவாகசபை பொய்யன். முன்னூறு வீடு நோன்ப முறிச்சதுக்கு உன்னட்ட வரும். கிண்ணம் போனாப் போகுது, வா போவம்."

சஜீத் சோற்றைப் பார்த்துக்கொண்டு, "விடுங்க வாப்பா," என்றான். "விளையாடாட்டி என்ன. வாங்கில இரிந்து எனக்குப் பழக்கம்தானே."

பகிடிக்குத்தான் சொன்னான். மனிசனுக்கு நெஞ்சு வெடித்ததே அந்தப் பகிடியில்தான். இருபத்திரண்டு ஆட்டம் அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை முறைப்பாடு சொன்னதில்லை. கையுறையைப் போட்டுக்கொண்டு போய் இருப்பான், கழற்றிக்கொண்டு வருவான். நாளைக்குக் காலையில் போனால் திரும்ப இரண்டு வருசம். வந்து, இருபத்தாறு வயதில், எந்த அணி அவனைக் கூப்பிடப் போகிறது?

பாலத்தில் அன்றைக்குக் கண்டது என்ன என்று அவர் தன்னையே கேட்டார். கேட்கத் தேவையே இல்லை. அந்த முகிலின் விளிம்பில் போன சூரியனின் மிச்ச வெளிச்சம் பட்டு ஒரு வெள்ளைக் கோடு. பிறை வளைந்திருக்கும். அது வளையவில்லை. கண்டுட்டன் என்று கத்தினாரே, கத்தி முடிகிறதுக்குள் அவருக்கு அது தெரியும்.

சஹனில் இருந்து கையை எடுத்துவிட்டு எழுந்து நின்றார்.

"நான் பிறை காணல்ல," என்றார். மைதானத்துக் குரல் அல்ல, ஆனால் வளவு முழுக்கக் கேட்டது. "எங்கட ஆக்களும் கேளுங்க. காண வேணுமெண்டு பாத்தனான், முகிலக் கண்டனான். அப்பவே தெரியும் எனக்கு. மகன் விளையாடுறதப் பாக்க வேணுமெண்டு சொல்லிப்போட்டன். அல்லாஹ்வுக்காக என்னை மாப்புச் செய்யுங்க."

மூலையிலிருந்து ஒருத்தன் பரிதாபமாகக் கேட்டான்: "அப்ப நேத்து நான் திண்ட புரியாணி?"

"நோன்பில திண்டது," என்றார் பள்ளி நிருவாகசபை உறுப்பினர் ஒருவர், எலும்பைக் கீழே வைத்துவிட்டு. "எல்லாரும் நேத்து விட்டதுக்குப் பதிலா ஒரு நோன்பு கழாப் பிடிக்க வேணும். இவரால!"

அப்ராஸ் மச்சான் பக்கம் திரும்பினான். "நீ காணல்ல எண்டா, அப்ப நான் எதக் கண்டனான்?"

"அத நீதான் சொல்லணும் மச்சான்."

அவன் எழுந்து வேறு சஹனுக்குப் போய்விட்டான். மரைக்கார் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார், நாலரைக்கு விசில் ஊதியது.

தோணாமுனைச் சனம் மைதானத்தின் ஒரு பக்கம் திரளாக இருந்தது. கலீலுர் றஹ்மான் போய் வழமையான இடத்தில் இருக்கப் பார்த்தார். இடம் இல்லை என்றார்கள். அகன்ற மைதானம், வானம் தொடுகிற வெளி, ஆனால் அவருக்கு இருக்க இடம் இல்லை. "குடா!" என்று ஒரு சத்தம் வைத்துப் பார்த்தார். ஒருவனும் திருப்பி வைக்கவில்லை. ஆறு றபானும் குப்புறக் கிடந்தன. மனிசன் தலையைக் குனிந்துகொண்டு நடந்து, கோல் கம்பத்துக்குப் பின்னால் போய்த் தனியாக நின்றார். அவருக்கு முன்னால் நாலடியில் சஜீத்.

சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குப் பிறகு அவருக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. மகனுடைய முதுகைத்தான் பார்த்தார், ஆனால் இது நிற்கிற முதுகு. பாய்கிற முதுகு. முதல் பந்தைப் பிடித்தபோது "மகன்!" என்று கத்தினார். இரண்டாவதைத் தட்டிவிட்டபோதும் கத்தினார். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாற, அவரும் மைதானத்தைச் சுற்றி நடந்து அடுத்த கம்பத்துக்குப் பின்னால் போனார். மணல்மேட்டுத்துறைக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். பிள்ளை ஏழு பந்து தடுத்தான், ஏழையும் அவர் எண்ணினார். இந்தப் பொடியனையா மூன்று வருசம் வாங்கில் போட்டு வைத்தீர்கள், பாவிகளே! பூச்சியத்துக்குப் பூச்சியம்.

ஆட்டம் முடிய இரண்டு நிமிசம் இருக்கும்போது வந்தது அந்தப் பந்து. கூட்டத்துக்குள்ளால் நிலத்தோடு நிலமாக வந்தது. சஜீத் கடைசி நிமிசத்தில்தான் கண்டான். குறுக்கே விழுந்தான், ஒரு கையால் அமுக்கினான். பந்து கோட்டில் நின்றது. கோட்டைத் தாண்டவில்லை. முக்கால் பந்து மைதானப் பக்கம், சுண்ணாம்புக் கோடு பந்துக்குக் கீழே வெள்ளையாகத் தெரிந்தது. நாலடி தூரத்தில், பின்னேர வெயிலில், முகிலும் இல்லை ஒன்றும் இல்லை, கலீலுர் றஹ்மான் அதைக் கண்டார். வாழ்க்கையில் எதையும் அவர் அவ்வளவு தெளிவாகக் கண்டதில்லை.

நடுவர் இருபது யார் தூரத்தில் நின்றார். மணல்மேட்டுத்துறை "கோல்!" என்று கத்தியது. நடுவர் விசில் ஊதி மைதானத்து நடுவை நோக்கிக் கையைக் காட்டினார்.

"இல்ல!" கலீலுர் றஹ்மான் மைதானத்துக்குள் பாய்ந்தே விட்டார். "உள்ள போகல்ல! கோட்டிலதான் நிண்டது! நான் கண்டனான்! என்ர ரெண்டு கண்ணாலயும் கண்டனான்!"

ஒரு பக்கத்திலிருந்து சிரிப்பு வெடித்தது. மணல்மேட்டுத்துறைக்காரர் சிரிப்பு என்று நினைத்துத் திரும்பினார். சிரித்தது தோணாமுனை. நாற்பத்தாறு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், அப்ராஸ் கண்ணீர் வரச் சிரித்தான். பிறகு மற்ற ஊரும் சேர்ந்துகொண்டது. "காக்கா கண்டிட்டாராம்!" நடுவரும் வாயைப் பொத்திக்கொண்டார். சொந்தக் கழகம் கிண்ணம் இழக்கிற நேரத்தில் ஒரு ஆதரவாளர் சங்கம் அப்படிச் சிரித்ததை அந்த மைதானம் அதற்கு முன் கண்டிருக்காது.

ஒன்றுக்குப் பூச்சியம். அவ்வளவுதான் ஆட்டம்.

விமான நிலையத்துக்குப் பஸ் பிடிக்கப் புத்தளம்வரை சஜீத்தைக் கொண்டுபோய் விட மரைக்கார் ஒரு வாகனம் ஒழுங்கு பண்ணியிருந்தார். அவன் உடுப்பு மாற்றவும் நேரம் இல்லாமல் சூட்கேஸை இழுத்துக்கொண்டு வந்தான். வாப்பாவுக்கு முன்னால் நின்றான். முழங்கையில் தோல் உரிந்து இரத்தம்.

"நான் குப்புற விழுந்து கிடந்தனான், எனக்குத் தெரியல்ல," என்றான். "உண்மையாவா வாப்பா? உள்ள போகல்லையா?"

"போகல்ல மகன். அல்லாஹ் மேல ஆணை. கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நிண்டது. நீ பிடிச்சிட்டாய். நான் கண்டனான்."

சஜீத் அவருடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மண் பிடித்த கையால் அவருடைய தோளைத் தடவிக் கொடுத்தான்.

"பரவாயில்ல வாப்பா," என்றான். "எனக்காக இனி நீங்க ஒண்டும் கண்டதாச் சொல்லத் தேவையில்ல."